ஈரத் தாள்களை உலர்த்திய அக்காவுக்கும், நம் எல்லோருக்கும்

தோழர்களே,

பசியில்லாமல் வாழும் உரிமையையும் நாடுகளின் கடன் சுமையையும் பற்றி நாம் கையெழுத்து வாங்கிய மனு போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே வைத்திருந்த நம் ஆட்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். நேற்று இரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன், எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த நான்கு நாட்களில் நடந்தது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்ல இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

ஜாமீனுக்காக நாள் முழுக்க நீதிமன்றத்தில் நின்ற வழக்கறிஞர்கள், விடிய விடிய போன் எடுத்தவர்கள், உள்ளே இருந்தவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிய மாணவர்கள்... பேர் பேராக எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நன்றி, மனசார.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மழை பெய்த அந்த இரவு, அரங்கின் பின்னறையில் வைத்திருந்த கையெழுத்துத் தாள்கள் நனைந்துபோயின. ஆறு கட்டுகள். மேல்கட்டைத் தூக்கியதும் கையோடு பிய்ந்து வந்தது. இரண்டு மாத உழைப்பு போயிற்று என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் அரங்கைச் சுத்தம் செய்யும் அக்கா வந்தார். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை.)

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்" என்று என் கையைத் தட்டிவிட்டார். ஒரு ஸ்கேலை எடுத்து, ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவே மெல்ல நுழைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாற்காலிகளின் முதுகில் எல்லாம் தாள் தொங்கியது. மின்விசிறிகளை ஓடவிட்டார். பாதி காய்ந்ததும், மேலே துணி போட்டு, சூடு குறைவாக வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். பால்பாயின்ட் எழுத்துகள் பிழைத்துக்கொண்டன. மைப்பேனா எழுத்துகள் பரவிவிட்டன. கைநாட்டுகள் சில வெறும் ஊதாத் திட்டுகளாக நின்றன. அப்படி அழிந்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு இவங்க வந்து எம் பேரு எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? இவங்ககிட்ட மறுபடி போய் வாங்கணும்ல?"

நான் கட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

தேய்த்துக்கொண்டே மனுவின் முதல் பக்கத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. பசியில்லாமல் இருப்பது ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று சொல்வது, 170க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டது என்று விளக்கினேன். "அப்போ அவங்களும் கையெழுத்துப் போட்டவங்கதான். அதுக்கு யாரு கணக்குக் கேக்குறது?" என்றார். இரண்டாம் பக்கத்தில் 'இறையாண்மைக் கடன் மறுசீரமைப்பு' என்று இருந்தது, அதாவது ஒரு நாட்டின் அரசு வாங்கிய கடனை அது கட்டக்கூடிய விதத்தில் மாற்றி அமைப்பது. மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கே அதிகம் கட்டும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று 2023இல் ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பு சொன்னதை எடுத்துச் சொன்னேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை இப்படியே எழுதியிருக்கலாமே?"

என்னிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த வரி புரிந்திருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தாளுக்கெல்லாம் என்ன பலன் என்று நம்மில் சிலரே கேட்பதுண்டு. நானும் கேட்டிருக்கிறேன். கடல் மட்டம் உயர்வதால் வரும் இழப்புக்கு ஈடு வேண்டும் என்று சின்னத் தீவு நாடுகளின் சார்பில் பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு நாடு முன்வைத்தது 1991இல். இழப்பு, சேதங்களுக்கென ஒரு நிதியம் அமைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2022இல். நடுவில் 31 வருடம். அதற்குப் பிறகும் நிதியத்துக்குப் பணம் வருவது சொட்டுச் சொட்டாகத்தான். அதே பசிபிக் தீவுகளில் 27 சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சிதான் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23 அன்று அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அவர்களும் தாள்களோடுதான் அலைந்திருப்பார்கள். அவர்களுக்கும் எங்கோ ஓர் அக்கா கதவைத் திறந்துவிட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று விடியும்போது ஆறு கட்டுகளும் மேசையில் அடுக்கி இருந்தன, லேசாக அலை அலையாக. நான் நன்றி சொல்வதற்குள் அடுத்த ஷிப்டுக்கு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தூங்கவே இல்லை.

பென்சில் கோடு போட்ட பெயர்கள் மொத்தம் 43. ஒவ்வொருவரையும் தேடிப் போய்த் திரும்ப வாங்கினோம், ஒருவரைத் தவிர. அவர் ஊர் மாறிவிட்டாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மனுவின் வரைவும் தயார். அச்சுக்குக் கொடுக்கும் முன், வரும் வெள்ளிக்கிழமை அக்காவின் வேலை முடிகிற நேரத்தில் அதை வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் நிறுத்துகிற இடமெல்லாம் மாற்றி எழுதுவேன்.