மேரி கோமும் அந்த மூன்று கிலோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்துச்சண்டையின் ஆகப் பெரிய வீரர்கள் வரிசையில் மேரி கோமை வைக்கலாமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தைப் படித்து வருகிறேன். வைக்கலாம் என்பவர்கள் ஆறு உலகத் தங்கத்தைக் காட்டுகிறார்கள். கூடாது என்பவர்கள், ஒலிம்பிக்கில் வாங்கியது ஒரே ஒரு வெண்கலம்தானே என்று மடக்குகிறார்கள். நான் முதல் தரப்பு. ஆனால் அந்தத் தரப்பு கூண்டில் ஏற்றும் சாட்சி பலவீனமான சாட்சி. பலமான சாட்சி வெளியே நிற்கிறது. அதை யாரும் கூப்பிடவே இல்லை.

எங்கள் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையை எண்ணி மட்டும் யாரும் விலை சொல்வதில்லை. ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்நிறம் பார்த்த பிறகுதான் பேச்சு. பதக்கத்துக்கும் அதே முறைதான் சரி. எந்த எடையில், எத்தனை பேர் நடுவில், எந்தப் புள்ளி முறையில் வந்தது என்று ஒடித்துப் பார்க்க வேண்டும்.

ஆறு தங்கத்தை அப்படி ஒடித்துப் பார்ப்போம். 2002 அந்தால்யாவில் 45 கிலோ. 2005 பொதோல்ஸ்க், 2006 டெல்லி, 2008 நிங்போ மூன்றிலும் 46 கிலோ. 2010 பிரிட்ஜ்டவுனிலும் 2018 டெல்லியிலும் 48 கிலோ. பெண்களுக்கான உலகப் போட்டி தொடங்கியதே 2001இல்தான். அந்த முதல் போட்டியில் ஸ்க்ராண்டனில் 48 கிலோவில் வெள்ளி வாங்கியவரும் இவர்தான். தொடக்க வருடங்களில் பெண்களை அனுப்பிய நாடுகள் குறைவு, அடிமட்ட எடைகளில் இன்னும் குறைவு. அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு என்பதால், ஒரு பிரிவில் எட்டுப் பேர்தான் என்றால் ஒரே ஒரு சண்டையை ஜெயித்தவர் கழுத்திலும் பதக்கம் விழும். 2006, 2008, 2010 மூன்று இறுதிப் போட்டிகளிலும் மேரி கோமின் எதிரே நின்றவர் ருமேனியாவின் ஸ்தெலூத்தா துத்தா என்ற ஒரே ஆள். துத்தா லேசான ஆள் இல்லை. ஆனாலும் மேல்தட்டில் கூட்டம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதை இது காட்டிவிடுகிறது. எதிர்த்தரப்பு இதைச் சொல்லும்போது கோபப்படுவதில் அர்த்தமில்லை. அது உண்மை.

அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 2006 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து உலகத் தங்கம் வாங்கியது 60 கிலோவில். ஐரோப்பாவில் நெரிசல் மிகுந்த எடை அது. லண்டன் ஒலிம்பிக் தங்கமும் அதே எடையில்தான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் டெய்லரின் ஐந்து என் தராசில் கனம் கூடியவை. ஆறு தங்கத்தை மட்டும் நம்பி வாதாடினால் இந்த இடத்தில் வழக்கு தோற்றுவிடும்.

இனி வெளியே நிற்கும் சாட்சி. பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தது 2012 லண்டனில். கொடுத்தது மூன்றே எடை: 51, 60, 75. எடைக்குப் பன்னிரண்டு பேர், மொத்தம் முப்பத்தாறு பேர். 46, 48 கிலோவில் பத்து வருடம் உழைத்தவருக்கு அங்கே இடமே கிடையாது. 51க்கு ஏறு, இல்லை வீட்டில் உட்கார் என்பதுதான் நிலைமை. ரேக்ளா பந்தயத்தில்கூட 200 மீட்டர், 300 மீட்டர் என்று காளைகளைப் பிரித்துத்தான் ஓட்டுகிறோம்.

மூன்று கிலோதானே, நாலு வேளை நன்றாகச் சாப்பிட்டால் ஏறிவிடாதா என்று பெற்றோர் கேட்பது வழக்கம். 48இல் மூன்று கிலோ என்றால் நூற்றுக்கு ஆறு பங்கு. சாப்பிட்டு ஏற்றும் மூன்று கிலோ பெரும்பாலும் இடுப்பில்தான் உட்காரும். அது குத்துக்கு உதவாது, காலையும் மந்தமாக்கும். தோளிலும் தொடையிலும் ஏற வேண்டும், வேகமும் குறையக் கூடாது என்றால் மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் எதிராளியும் சும்மா இருப்பதில்லை. இயல்பாகவே 51இல் இறங்குகிறவர் பயிற்சி நாட்களில் 53, 54 இருப்பார். எடை போடும் காலையில் மட்டும் 51 காட்டுவார். எடை போட்டு முடித்துத் தண்ணீரும் கஞ்சியும் உள்ளே போனதும் பழைய கனம் பாதி திரும்பிவிடும். மேலே ஏறி வந்தவர் அந்த 51ஐயே தட்டுத் தடுமாறித் தொட்டிருப்பார்.

வளையத்துக்குள் இந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? குத்து விழும்போது மட்டும் இல்லை, குத்தைத் தடுக்கும்போதும்தான். கனமான ஆள் பக்கவாட்டில் வளைத்து விடும் ஹூக்கைக் கிளவுஸ் வைத்துத் தடுத்தால் உங்கள் கிளவுஸே உங்கள் கன்னத்தில் வந்து மோதும். பின்கால் அரை அடி நகரும். அந்த அரை அடியை மீட்டு நிற்பதற்குள், திருப்பி அடிக்க வேண்டிய நேரம் போய்விடும். மேரி கோமின் ஆட்டம் முழுக்கத் திருப்பி அடிப்பதில் நிற்கும் ஆட்டம் என்பதால் இந்த அரை அடி அவருக்கு எல்லோரையும்விட அதிகமாக வலிக்கும்.

அவர் இடக்கை ஆட்டக்காரர். வலது கால் முன்னே, இடது கை பின்னே. எதிரே வழக்கமான நிலையில் ஒருவர் நின்றால் இருவரின் முன்கால்களும் ஒன்றுக்கொன்று நேரே வரும். அந்த இடத்தில் யார் கால் வெளிப்பக்கம் விழுகிறதோ அவருக்குத்தான் வழி திறக்கும். மேரி கோம் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே வைத்து, நடுவழியாக இடது நேர்க்குத்தை அனுப்பி, வெளியேறும்போது வலது ஹூக்கை விட்டுவிட்டுத் தன் வலப்பக்கமாகவே நழுவுவார். அந்தப் பக்கம் போனால் எதிராளியின் வலது கை எட்டாது. கால் ஒரு சாண் உள்ளே விழுந்துவிட்டால் அதே வலது கை மூக்கில் நேராக இறங்கும். அவர் உயரம் 158 செ.மீ. நீளக் கைக்காரர் எதிரே நின்றால் உள்ளே போக ஒரு எட்டு போதாது, இரண்டு வேண்டும். அந்த இரண்டாவது எட்டில்தான் எதிராளியின் முன்கை நேர்க்குத்தான ஜாப் வந்து விழும். விழுந்த குத்தை ஜட்ஜுகள் பொத்தானை அமுக்கி எண்ணிய பழைய கணிப்பொறி முறையில் அப்படி விழுந்த ஜாப் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி.

இப்படிப்பட்ட ஆட்டத்தோடுதான் அவர் 51க்கு ஏறினார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு அரையிறுதியில் சீனாவின் ரென் கான்கானிடம் தோற்று வெண்கலம். 2008, 2010, 2012 மூன்று உலகப் போட்டிகளிலும் தங்கம் வாங்கியவர் இந்த ரென் கான்கான். அந்த எடைக்கே அவர்தான் ராணி. 2012 மார்ச்சில் உலான்பாதரில் ஆசிய சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி, அதே 51 கிலோ, எதிரே அதே ரென் கான்கான். மேரி கோம் வென்றார். அடுத்த சில மாதங்களில் ரென் உலகத் தங்கமும் ஒலிம்பிக் வெள்ளியும் வாங்கினார் என்பதால், ஓய்ந்துபோன ஆளை அடித்ததாகவும் சொல்ல முடியாது. ஆறு தங்கத்தில் எதை வைத்தாலும் இந்த ஒரு வெற்றிக்கு ஈடில்லை என்பது என் தீர்ப்பு. நம் பத்திரிகைகளில் இதற்கு எப்போதும் நாலு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

லண்டனில் முதல் சண்டை போலந்தின் கரோலினா மிகால்ச்சுக்குடன். 2008இல் 54 கிலோவில் உலகத் தங்கம் வாங்கியவர் அவர். ஒருவர் 54இலிருந்து இறங்கி வருகிறார், இன்னொருவர் 48இலிருந்து ஏறி வருகிறார், இருவரும் 51இல் மோதுகிறார்கள். மேரி கோம் 19–14. மறுநாளே துனிசியாவின் மரூவா ரஹாலியை 15–6. அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6–11.

அந்தத் தோல்வியை மழுப்பக் கூடாது. அதே வருடம் மே மாதம் உலகப் போட்டியின் காலிறுதியிலும் ஆடம்ஸிடமே தோற்றிருந்தார். காரணம் தைரியக் குறைவு இல்லை, கணக்கு. கையைத் தாழ்த்தி வைத்து, தூரத்திலேயே நின்று, வந்தால் அடித்துவிட்டு விலகுவது ஆடம்ஸின் பாணி. விழுந்த குத்தை எண்ணும் முறையில் முதல் சுற்றில் இரண்டு புள்ளி பின்தங்கினாலே, திருப்பி அடித்துப் பிழைப்பவர் தேடிப் போய் அடித்தாக வேண்டும். பழக்கமில்லாத வேலை அது. தேடிப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது எட்டில் ஒரு ஜாப். இரண்டு நிமிடச் சுற்று நான்கில் அதை மீட்க நேரம் போதாது. ஆடம்ஸ் அவரைவிடச் சிறந்த 51 கிலோ வீராங்கனை. 2016 ரியோவிலும் தங்கம் வாங்கி அதைக் காட்டினார். ஆகப் பெரியவர் வரிசையில் நிற்க, தன்னைவிடப் பெரிய எடையிலும் முதல் ஆளாக இருந்தே தீர வேண்டும் என்று யாராவது சட்டம் வைத்தால் அந்த வரிசையில் மிஞ்சுபவர்கள் சொற்பம்.

2014 இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் 51இல்தான். மூன்றாவது குழந்தை பிறந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை அப்போது.

ஆறில் ஒரு தங்கத்தை மட்டும் நான் தனியே எடுத்து வைப்பேன்: 2018 டெல்லி. முன்பு இரண்டு நிமிடச் சுற்று நான்கு, மொத்தம் எட்டு நிமிடம். 2018இல் மூன்று நிமிடச் சுற்று மூன்று, ஒன்பது நிமிடம். குத்தை எண்ணும் முறையும் போய், சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்ற முறை வந்துவிட்டது. தொட்டுவிட்டு ஓடும் ஆட்டத்துக்கு அந்த முறையில் மரியாதை குறைவு; சுற்றை யார் கையில் வைத்திருந்தார் என்பதையும் ஜட்ஜ் பார்ப்பார். முப்பத்தைந்து வயதைத் தொட்டவர், வாலிப வயதில் பழகிய ஆட்டத்தை மாற்றிக்கொண்டு, உக்ரைனின் ஹன்னா ஒகோத்தாவை ஐந்து ஜட்ஜும் ஒருமுகமாகத் தீர்ப்பளிக்க 5–0 என்று வென்றார். எட்டு வருடம் கழித்து வந்த உலகத் தங்கம். துத்தாவை மூன்று முறை வென்றதைவிட இது கனம்.

அந்த வருடம் செப்டம்பரில் போலந்தில் எடை போட நான்கு மணி நேரமே இருந்தபோது, ஒரு மணி நேரம் கயிறு தாண்டி இரண்டு கிலோ குறைத்து, 48இல் இறங்கித் தங்கம் வாங்கினார் என்ற செய்தியைப் பல பிள்ளைகள் போனில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு மணி நேரத்தில் போகும் இரண்டு கிலோ கொழுப்பு இல்லை, தண்ணீர். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் போனாலே கால் கனக்கும், கண்ணும் கையும் சற்றுப் பின்தங்கும். ஐம்பது கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ என்பது நூற்றுக்கு நான்கு. வறண்ட உடம்போடு தலையில் குத்து வாங்குவது இன்னும் ஆபத்து. ஏறக்குறைய இருபது வருட அனுபவம் உள்ளவர் ஒரு நெருக்கடியில் செய்த வேலை அது. மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடும் அம்மணிகளும் பையன்களும் மூன்றாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். பெற்றோரும் பயிற்சியாளரும் அந்தச் செய்தியைக் காட்டி உசுப்பேற்ற வேண்டாம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவிடம் தோற்றதை "முடிந்துபோன ஆள்" என்பதற்கு ஆதாரமாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். முப்பத்தெட்டு வயதில், ரியோ வெண்கலக்காரியுடன், 3–2 என்று பிரிந்த தீர்ப்பு அது. இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் ஐந்து ஜட்ஜுகளில் மூன்று பேர் மேரி கோமுக்கே கொடுத்தார்கள். முதல் சுற்று மட்டும் 4–1 என்று வலென்சியாவுக்குப் போனது. சுற்றுக்கு ஐந்து வீதம் பதினைந்து தீர்ப்பில் வலென்சியாவுக்கு எட்டு, இவருக்கு ஏழு. தூரம் பார்க்கிறேன் என்று முதல் சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பத்துப் புள்ளி முறையில் இதுதான் நடக்கும். அது தவறுதான், ஆள் முடிந்துபோனதற்கு அடையாளம் இல்லை.

தொழில்முறைச் சண்டைக்குப் போகவில்லை என்ற குறையை நான் ஏற்பதில்லை. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனும் ஃபெலிக்ஸ் சவோனும் போகவில்லை. ஆளுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம், அவர்களை வரிசையை விட்டு யார் இறக்கினார்கள்?

இளைய வீராங்கனை நிகத் ஸரீன் விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்போடு நிற்கிறேன். 2019 டிசம்பரில் இந்திய அணித் தகுதிச் சண்டையில் ஸரீனை 9–1 என்று வென்ற பிறகு மேரி கோம் கை குலுக்காமல் போனது சரியில்லை. இளையவர் கேட்டது அணியில் இடத்துக்கு ஒரு சண்டை, நியாயமான கோரிக்கை. ஸரீன் பிறகு 2022இலும் 2023இலும் உலகத் தங்கம் வாங்கினார். நடத்தைக்கு மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருங்கால உலகச் சாம்பியனை முப்பத்தாறு வயதுக்கு மேல் 9–1 என்று வென்றதையும் அதே வரியில் எழுதுங்கள்.

உங்கள் விளையாட்டுப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். மேரி கோம் பற்றி நீங்கள் போடும் பெட்டிச் செய்தியில் வருடம், ஊர், பதக்கம் என்று மூன்று கட்டம் இருக்கிறது. எடை என்று நான்காவது கட்டம் ஒன்று சேருங்கள். 51க்கு நேரே முக்கியமாக இவை வரும்: 2010 குவாங்சோ வெண்கலம், 2012 உலான்பாதர் தங்கம், 2012 லண்டன் வெண்கலம், 2014 இஞ்சியோன் தங்கம், 2019 உலான்-உடே உலகப் போட்டி வெண்கலம். இதில் கடைசிப் பதக்கத்துக்கு அவர் காலிறுதியில் 5–0 என்று வென்றது, பிற்பாடு டோக்கியோவில் தன்னைத் தோற்கடித்த அதே வலென்சியாவை.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.