நாற்காலியை விட்டவர்

அன்புள்ள கயலுக்கு,

நீ போனை எடுக்காததால் அம்மா இப்போதெல்லாம் சித்தியிடம்தான் உன்னைப் பற்றி விசாரிக்கிறாள். சித்தி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். நானும் துருவவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உங்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஆலயத்தின் முன்கூடத்தில் நியூட்டன் சிலை இருக்கிறதல்லவா, அங்கேயே அவருக்கு முந்தைய கணக்குப் பேராசிரியர் ஐசக் பாரோவுக்கும் ஒன்று உண்டு. பார்த்தாயா? பள்ளியில் சரியான சண்டைக்காரனாம். பிள்ளைகளில் ஒன்றைக் கடவுள் எடுத்துக்கொள்வதானால் இவனையே எடுத்துக்கொள்ளட்டும் என்று பெற்ற தகப்பனே சொன்னாராம். துணி வியாபாரி, பாவம், என்ன பாடுபட்டாரோ. நீயும் லேசுப்பட்டவள் இல்லை, ஆனாலும் நான் அப்படி ஒருநாளும் வேண்டியதில்லை.

அந்தப் பையன் 1655இல் புத்தகங்களை விற்றுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினான். வழியில் கடற்கொள்ளையர் வந்தபோது கப்பல் தளத்தில் நின்று சண்டை போட்டான். பள்ளிப் பயிற்சி வீண்போகவில்லை! திரும்பி வந்து குருப்பட்டம், கிரேக்கப் பேராசிரியர் வேலை, 1663இல் கேம்பிரிட்ஜின் முதல் லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவி. ஒரு வளைகோட்டுக்குத் தொடுகோடு காண்பதும் அதன் கீழுள்ள பரப்பு காண்பதும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதை வடிவியலாகவே காட்டினார். பிளஸ் டூவில் நீ தூங்கி வழிந்த தொகைநுண்கணிதத்தின் வேர் அதில் இருக்கிறது.

1669இல் அந்த நாற்காலியை, அதாவது லூக்காசியன் பதவியை, விட்டுவிட்டார். இறைப்பணிக்கு வாக்குக் கொடுத்தவர் கணக்கிலேயே கிடக்கிறோமே என்ற உறுத்தல். அடுத்து அங்கே உட்கார்ந்த நியூட்டனுக்கு வயது 26. இவரோ பிரசங்கங்கள் எழுதினார். அவை மணிக்கணக்கில் நீளுமாம், என் கடிதம் மாதிரி. 1673இல் டிரினிட்டிக்கே தலைவரானார். உங்கள் ரென் நூலகம் அவர் முயற்சியில் தொடங்கியதுதான். கட்டி முடிவதற்குள், 1677இல் போய்விட்டார்.

ஆக, கணக்கை விட்டவர் கெட்டுப்போகவில்லை. கணக்கு வாத்தியார் வாயிலிருந்து இது வருகிறதே என்று சிரிக்காதே. ஆனால் அவர் எதற்காக விடுகிறோம் என்று தெரிந்து விட்டார். உன் நெறியாளரிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. உதவித்தொகை விதிகளை ஒருமுறை படித்துவிடு. தெருவே உன் பெருமையைப் பேசுகிறது, அதற்காக நீ அங்கே மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சித்தியிடம் சொல்லத் தெரிந்தவளுக்கு அப்பாவிடம் சொல்லத் தெரியாதா?

கையெழுத்துப் போடுமுன் கூப்பிடு. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

அப்பா