அடிக்கல் நாட்டுவதற்கு முன்: சூடான் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும், அவர்களை நம்பிப் பணம் கொடுத்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

சூடான் போரில் பெற்றோரை இழந்த 200 குழந்தைகளுக்கு மூன்று மாடியில் இல்லம் கட்டப்போவதாக நீங்கள் அச்சிட்டு அனுப்பிய அழைப்பிதழ் எனக்கும் வந்தது. வழவழப்பான தாள். வரப்போகும் கட்டடத்தின் வரைபடம், வாசலில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறிக்கப் பளிங்குக் கல், ஓர் அறைக்கு இவ்வளவு, ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று தொகைப் பட்டியல், எல்லாம் இருந்தன. அந்தக் கட்டிலில் கிடக்கும் குழந்தை அழுதால் தூக்கப்போவது யார் என்று மட்டும் எங்கேயும் இல்லை. இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

குறை சொல்வதற்காகவே எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். பக்கத்துத் தெருத் துக்கத்துக்கே கதவைச் சாத்திக்கொள்ளும் காலத்தில், முகம் தெரியாத குழந்தைகளுக்காக அலைகிறீர்கள். அதனால்தான் கடப்பாரை மண்ணில் இறங்கும் முன்பே சொல்லிவிட நினைத்தேன்.

சூடானில் இல்லம் ஏற்கெனவே இருந்தது. தலைநகர் கார்ட்டூமில் 1961இல் தொடங்கப்பட்ட மைகோமா என்ற அரசுக் காப்பகம். திருமணத்துக்கு வெளியே பிறந்து, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட சிசுக்களே அங்கே மிகுதி. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் (விரைவு ஆதரவுப் படை) என்ற துணைப்படைக்கும் இடையே சண்டை மூண்டபோது கிட்டத்தட்ட 400 குழந்தைகள் உள்ளே இருந்தார்கள். தெருவில் குண்டு பாய்ந்தால் தாதி எப்படி வேலைக்கு வருவாள்? பெரும்பாலானவர்களால் வர முடியவில்லை. மின்சாரம் போனது. கார்ட்டூமின் மே மாத வெயில் சாதாரணமானதல்ல. பச்சிளம் குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும். இருந்த சிலரோ எந்த அறைக்கென்று ஓடுவார்கள்? ஆறு வாரத்தில் 50க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் இரண்டே நாளில் இறந்தவர்கள் 26 பேர். காய்ச்சலும் பட்டினியும் நீரிழப்பும்தான் காரணம். கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் உயிரோடு இருந்த சுமார் 300 குழந்தைகளை வாட் மதனி நகருக்குக் கொண்டு சேர்த்தன. டிசம்பரில் சண்டை அந்த ஊருக்கும் வந்தது. மறுபடியும் மூட்டை கட்டி, நாட்டின் கிழக்குப் பக்கமாகப் போனார்கள்.

போர் வந்ததால்தானே இப்படி என்று கேட்பீர்கள். மைகோமாவின் பழைய கணக்கைச் சொல்கிறேன், துப்பாக்கிச் சத்தம் இல்லாத கார்ட்டூமின் கணக்கு. 1998 முதல் 2003 வரை அங்கே சேர்க்கப்பட்ட சுமார் 2,500 குழந்தைகளில் 2,100 பேர் இறந்துபோனதாக யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. இந்த வரியை முதலில் படித்தபோது எண்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன என்றே நினைத்தேன். மாறவில்லை. தொட்டுத் தூக்க ஆளில்லாமல், ஒரே அறையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட சிசுக்களிடம் ஒன்றுக்கு வந்த வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் வரும். அவ்வளவுதான்.

அதன்பிறகு சூடானியர்கள் செய்ததுதான் உங்கள் அழைப்பிதழில் இருந்திருக்க வேண்டியது. குழந்தை காப்பகத்துக்கு வந்ததும் அவசரக்கால வளர்ப்புக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். பிறகு நிரந்தரக் குடும்பம் தேடினார்கள். தத்தெடுத்துத் தன் பெயரைச் சூட்டுவதை இஸ்லாமியச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் பிறப்பு அடையாளத்தை மாற்றாமல், பொறுப்பேற்று வளர்க்கும் ‘கஃபாலா’ முறை உண்டு. மார்க்க அறிஞர்களே ஆதரவாகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, ‘தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை’ என்று முகம் சுளித்த வீடுகளிலும் கதவு திறந்தது. ஆயினும் மைகோமா மூடப்படவில்லை. மூடியிருந்தால் 2023இல் அத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் மாட்டியிருக்க மாட்டார்கள்.

அழைப்பிதழின் முதல் வரியிலேயே இருக்கும் ‘அனாதைகள்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யுனிசெஃப் கணக்கில் தாய், தகப்பன் இருவரில் ஒருவரை இழந்தாலே அந்தப் பெயர்தான். 2015இல் உலகெங்கும் சுமார் 14 கோடிப் பேர் என்று சொன்ன அந்தக் கணக்கில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. மற்றவர்களுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். கணவனை இழந்தவள் பிள்ளையோடு நிற்கும்போது, “பிள்ளையை எங்களிடம் விட்டுவிடு, சோறும் பள்ளிக்கூடமும் இலவசம்” என்றால் அவள் விட்டுவிட்டுத்தான் போவாள். வறுமையில் வேறு என்ன செய்வாள்? ஆக, ஒரு குழந்தையை அனாதையாக்க இல்லமே போதும் என்றாகிறது.

ருவாண்டாவைப் பாருங்கள். 1994 இனப்படுகொலையில் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு. சுமார் 95,000 குழந்தைகள் பெற்றோரை இழந்ததாக யுனிசெஃப் மதிப்பிட்டது. எல்லை தாண்டிய ஓட்டத்தில் கைநழுவிப் பிரிந்தவர்கள் தனி. அன்றும் நல்ல மனம் கொண்டவர்கள் இல்லங்களைத் திறந்தார்கள், அவசரத்துக்கு அவை தேவையாகவும் இருந்தன. ஆனால் கூடவே இன்னொரு வேலை நடந்தது. பெயர் சொல்லத் தெரியாத குழந்தைகளைப் படம் பிடித்து ஊர் ஊராக ஒட்டினார்கள். அம்மாவின் பெயரைக் கேட்டால் ‘அம்மா’ என்று சொல்கிற வயது. வீடு எந்தக் குன்றில் இருந்தது என்பது போன்ற துணுக்குகளை வைத்துக்கொண்டு ஒரு சித்தியையோ பாட்டியையோ தேடிக் கண்டுபிடித்தார்கள். சிமெண்ட் தேவைப்படாத வேலை. பளிங்குக் கல்லில் பெயரும் வராது.

பிற்பாடு 2012இல், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைப் படிப்படியாகக் குடும்பங்களுக்கு அனுப்புவதென்று அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. அந்த நேரத்துக் கணக்கெடுப்பில் 33 இல்லங்களில் 3,323 பேர் இருந்தார்கள். ‘காவல் தேவதை’ என்ற பொருளில் ‘மலாயிகா முரின்சி’ என்று அழைக்கப்படும் வளர்ப்புப் பெற்றோர் முன்வந்தார்கள்.

குடும்பம் என்றாலே பால் வடியும் என்று நானும் நம்பவில்லை. வளர்ப்பதாகச் சொல்லி அழைத்துப்போய்த் தண்ணீர் சுமக்கவும் மாடு மேய்க்கவும் வைத்தவர்கள் அங்கேயும் உண்டு. பெரிய பிள்ளையே தாயும் தகப்பனுமாகித் தம்பி தங்கைகளைக் காப்பாற்றிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவர்களுடைய நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட உறவினரும் இருந்தார்கள். மகளுக்கும் சமமான சொத்துரிமை தரும் சட்டம் 1999இல்தான் வந்தது. அதற்கு முன் பதினைந்து வயது அக்காள் யாரிடம் போய் வழக்காடுவாள்? இன்று கிராமத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என ‘குடும்ப நண்பர்கள்’ என்ற தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். பார்க்கப் போகிற ஆள் இல்லாவிட்டால் வளர்ப்புக் குடும்பமும் ஆபத்துதான்.

கட்டி உருப்பட்ட இடமும் இருக்கிறது, மறைப்பானேன்? 2008இல் ருவாண்டாவில் திறக்கப்பட்ட அகஹோசோ ஷாலோம் இளையோர் கிராமம். நாஜிக் கொடுமையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இஸ்ரேலில் எழுந்த யெமின் ஓர்டே கிராமத்தைப் பார்த்து, ஆன் ஹேமன் என்ற பெண்மணி முயன்று கட்டியது. ‘அகஹோசோ’ என்றால் கண்ணீர் துடைக்கும் இடம் என்று பொருள். அங்கே மாடிக் கட்டடம் இல்லை, வீடுகள்; வீட்டுக்கு ஒரு ‘மாமா’, அவர்கள் மொழியில் அம்மா. சேர்ப்பது சிசுக்களை அல்ல, உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளை. படிப்பு முடிந்ததும் அவர்கள் வெளியே போய்விடுவார்கள். இதைப் பார்த்துக் கட்டுவதாக இருந்தால் என் ஆட்சேபம் பாதி குறைந்துவிடும்.

திரட்டிய பணத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெற்றோரைத் தேடுகிறவர்களின் பயணச் செலவுக்குக் கொடுங்கள். பேரனை வளர்க்கும் பாட்டிக்கு மாதம் ஒரு தொகை தாருங்கள். பள்ளிக் கட்டணம், இரண்டு ஆடு, ஒழுகாத கூரை. கைக்குழந்தைகளை ஏற்கும் அவசரக்கால வளர்ப்புத் தாய்மாருக்குச் சம்பளமும் பால்மாவும் கொடுங்கள். ஓடவேண்டி வந்தால் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவாள். மூன்று மாடி எங்கே ஓடும்? இவற்றையெல்லாம் உள்ளூரில் செய்துகொண்டிருப்பவர்களை முதலில் தேடிப் போய்ப் பேசுங்கள். கட்டத்தான் வேண்டும் என்று அவர்களே சொன்னால் கட்டுங்கள், சிறியதாக. பிறகு பத்து ஆண்டுச் சம்பளக் கணக்கைக் கட்டடச் செலவுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டு எங்களுக்கு அனுப்புங்கள்.

இந்த மடலோடு ஒரு காசோலையும் வைத்திருக்கிறேன். உங்கள் நன்கொடைப் படிவத்தில் ‘அறை’, ‘கட்டில்’, ‘மின்விசிறி’ என்று மூன்று கட்டங்கள் இருந்தன. எனக்கு வேண்டியது அதில் இல்லை. நான்காவதாகப் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, ‘தாதியின் சம்பளம்’ என்று எழுதி, அதில் குறியிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அழைப்பிதழ் கிடைத்தவர்களில் ஒருவன்