விவேக் நினைவு நாளில் கன்று நடுபவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். 2021 ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் மறைந்தபோது ரசிகர்கள் பலர் அழுத கையோடு மரக்கன்று நட்டார்கள். ஒரு கோடி மரம் அவர் கனவு. அவருக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி கிடையாது. ஆனால் கன்று பிழைக்க வேண்டும்; சித்திரை வெயில் கொடியது.

குழி 2 அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு ஒரு கூடை மட்கிய தொழுவுரம். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு, வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உதிராமல் வையுங்கள். போட்டோ எடுக்கும் அவசரத்தில் பையோடு புதைத்தால் வேர் உள்ளேயே சுருண்டு கன்று பட்டுப்போகும். பக்கத்தில் மூங்கில் குச்சி, தளர்வான கட்டு, ஆடு மாடு மேயாமல் முள்வேலி. சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர். ஊற்ற ஆள் இல்லாத இடமா? அன்று குழி மட்டும் வெட்டி ஆறப்போடுங்கள், ஐப்பசி மழையில் நடலாம்.

இன்னொன்று. கொரோனா தடுப்பூசியால்தான் விவேக் இறந்தார் என்ற பழைய ஃபார்வர்டை இங்கே போடாதீர்கள். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அரசுக் குழு விசாரித்துச் சொல்லிவிட்டது. ஊசி போடச் சொல்லி ஊருக்கு எடுத்துச்சொன்னவர் அவர்.