தாய்க்கப்பல் எங்கே?

ஆசிரியர் ஐயா,

ஆழ்கடலில் ஐஸ் போதைப்பொருளோடு படகு பிடிபட்டது என்று உங்கள் முதல் பக்கத்தில் அடிக்கடி படம் வருகிறது. எங்கள் வாழைச்சேனைத் துறைமுகத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் மூட்டைகளை எண்ணுவதில்லை. எந்தப் பக்கத்துப் படகு, எத்தனை அடி என்று பார்ப்பார்கள், அப்புறம் தலையைக் குனிந்து குந்தியிருக்கிற பொடியன்கள் நம்மட ஆட்களா என்று பார்ப்பார்கள்.

சரி, சரக்கைக் கொண்டுவந்த கப்பல் எங்கே? ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து வருகிற தாய்க்கப்பல் எங்கள் கடலை எட்டியும் பார்ப்பதில்லை. சர்வதேசக் கடலில் நின்றுகொண்டு செய்மதி போனில் இடத்தைச் சொல்லும், இங்கிருந்து நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகிற பலநாள் படகு மூட்டைகளை மாற்றி ஏற்றி மீனுக்கு அடியில் வைத்துக்கொண்டு திரும்பும். வேறு நாட்டுக் கொடி பறக்கிற கப்பலில் ஏற வேண்டுமென்றால், போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைப்படி, முதலில் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். அது வருவதற்குள் எல்லாவற்றையும் கடலில் தள்ளிவிடலாம். இலங்கைக் கொடிப் படகில் ஏற எங்கள் கடற்படைக்கு அந்தத் தொல்லை இல்லை, மாட்டுவதும் அதுதான். 2024 நவம்பரில் அரபிக்கடலில் இந்தியக் கடற்படை பிடித்த சுமார் 500 கிலோ ஐஸ்கூட இலங்கைப் படகுகள் இரண்டில்தான் இருந்தது. கப்பலைப் பிடிக்கவே முடியாது என்றில்லை, 2019இல் தெற்குக் கடலில் ஈரானியர் 9 பேரோடு ஒன்றைப் பிடித்தார்கள்தானே.

ஒரு மாதம் கடலில் கிடந்து வந்தாலும் டீசல், மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டி, சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்து, முதலாளி பங்கும் போனால், வேலைக்குப் போனவனுக்கு மிஞ்சுவது கடைக் கடனுக்கே காணாது. அவனிடம் ஒருவன் வந்து "ஒரே ஒரு தடவை" என்கிறான். நான் நியாயப்படுத்தவில்லை, அந்தத் தூள் எங்கள் ஒழுங்கைகளுக்கும்தான் வந்து சேர்கிறது. ஆனால் 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் என்று 2022இல் வந்த சட்டத்தின் முன் நிற்கப்போவது அவன்தான், காசு போட்டவன் இல்லை.

2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனைத் தடை செய்த காலத்தில் பலநாள் படகுகளுக்கு, படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குக் காட்டுகிற கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். மீனுக்குப் போன படகு ஏன் அவ்வளவு தூரம் மேற்கே போனது, கருவி ஏன் நின்றது என்று கரையில் இருந்தே கேட்கலாமே.

நீங்களும் படத்தோடு நிறுத்தாதீர்கள் ஐயா. படகு யார் பெயரில் பதிவு, டீசலுக்குக் காசு கொடுத்தது யார், வழக்கு எந்த மட்டில் நிற்கிறது என்று ஆறு மாதம் கழித்தாவது ஒரு செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாழைச்சேனை