போன் பண்ணாதே, எழுது

பாம்பன்

அன்பு மாப்ளே,

போன ஞாயிறு போனில் உன் குரலைக் கேட்டு வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். ஒரு மாதமாக இப்படித்தான், வகுப்பில் கத்திக் கத்தி வந்தது என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கேலி செய்வாய் என்று சொல்லவில்லை. முப்பது வருடம் மீன் ஏலம் கூவிய தொண்டை அல்லவா? முதல் நாள் வாயைத் திறந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் மட்டும் பொறுமையாக, "அண்ணே, பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழவில்லை என்றால் நீங்கள் கூடுதலாகப் பாடுகிறீர்கள்" என்றார். ஏலத்தில் சுற்றிலும் சத்தம் ஏற ஏற நம்மை அறியாமலே நாமும் ஏற்றுவோம். அதை மறக்கவே ஆறு மாதம் பிடித்தது.

அப்புறம் மூச்சு. நீள அடியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். ஆளுக்கொரு இடத்தில் வாங்கி, சத்தமில்லாமல் திரும்பச் சேர வேண்டும். கரைவலை இழுக்கும்போது அப்பா ஆட்கள் அம்பா பாடியது நினைவிருக்கிறதா? முன்பாட்டுக்காரர் எடுக்க, மற்றவர்கள் வாங்குவார்கள். எவன் தனியாகக் கத்தினாலும் இழுப்பு குலையும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் எனக்கும் தொண்டை கட்டியது. செருமினேன், குசுகுசுவென்று பேசினேன். இரண்டுமே தப்பாம். பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒட்டிப் பிரிகின்றன. செருமினால் ஒன்றோடொன்று மோதி அடிபடுகின்றன, குசுகுசுப்பும் ஓய்வு ஆகாது என்றார் டாக்டர். குடிக்கிற தண்ணீர் அங்கே நேராகப் படாது (பட்டால் புரையேறிவிடும்!), உடம்பில் ஊறித்தான் போய்ச் சேரும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன். பிடிக்கிற நீராவி மட்டும் நேரே போகிறது. பாடுவதற்கு முன் இளநீர்க்கடை ஸ்ட்ராவை வாயில் வைத்து 'ஊ' என்று ராகம் இழுக்கிறேன். பேத்திக்கு அதுதான் வேடிக்கை.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது, ஏலமும் பாதிதான். என் தொண்டைக்கு அரசாங்கமே லீவு கொடுத்த மாதிரி.

உனக்கு யார் கொடுப்பார்கள்? மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம். நீ ஒரு மாதம் என்கிறாய். இந்த வாரமே போ. பள்ளியில் ஒரு மைக் கேள், வெட்கப்படாதே.

பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று போன் பண்ணாதே. எழுது.

உன் மாப்ளே