பருவ முடிவுக் கடிதம்: அந்த அரை மதிப்பெண் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவை மழை அரைநாள் கெடுத்தாலும் மறுநாள் மிச்சப் போட்டிகளை நடத்தி முடித்துவிட்டோம். அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். பேச்சுப்போட்டியிலும் ஓவியப்போட்டியிலும் பரிசுகள் கிடைத்தன. நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்திருக்கின்றன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்களும் கொடுத்தாயிற்று.

விடைத்தாள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இயற்பியல் விடைத்தாள் கொடுத்த வாரத்தில் என் அறைக்கு வந்த பெற்றோரில் பெரும்பாலானவர்கள் ஒரே கேள்வியோடு வந்தீர்கள். "கணக்கு சரி, எண்ணும் சரி. அலகு எழுதவில்லை என்று அரை மதிப்பெண் குறைப்பது என்ன நியாயம்?" உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆறு கேள்விகளில் இப்படி அரையரையாகப் போனால் மூன்று மதிப்பெண். ராத்திரி கண்விழித்துப் படித்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வண்டியின் வேகம் என்ன என்பது கேள்வி. பிள்ளை '20' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிடுகிறது. நொடிக்கு 20 மீட்டர் என்றால் அது மணிக்கு 72 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் போகும் கார். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் கொஞ்சம் வேகமாக மிதிக்கும் சைக்கிள். காரா சைக்கிளா என்று திருத்துகிறவர் எப்படி ஊகிப்பார்? எண் பாதி விடை, அலகு மறுபாதி. பாதி விடைக்கு இரண்டுக்கு ஒன்றரை போட்டிருக்கிறார் என்றால், என்னைக் கேட்டால் அது தாராளம்தான்.

அலகே எழுதாதவர்களைவிட முன்னொட்டில், அதாவது அலகுக்கு முன்னால் ஒட்டும் கிலோ, மில்லி போன்றவற்றில் சறுக்கியவர்கள்தான் இந்தப் பருவத்தில் அதிகம். மில்லிக்கும் மெகாவுக்கும் ஒரே ஆங்கில எழுத்து, எம். சின்ன எம் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எம் மெகா, பத்து லட்சம் மடங்கு. எழுத்து பெரிதாகிவிட்டால் விடை 100 கோடி மடங்கு வீங்கிவிடும். ஒரு விடைத்தாளில் 5 மில்லிவாட் லேசர் சுட்டி 5 மெகாவாட் ஆகியிருந்தது. அது சில ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கிற திறன்! கிலோவுக்குச் சின்ன கே. அதையே பெரிதாக எழுதினால் கெல்வின், அதாவது வெப்பநிலையின் அலகு. மைக்ரோவை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் மியூ என்ற கிரேக்க எழுத்தை அவசரத்தில் கிறுக்கினால் எம் மாதிரியே தெரியும், மைக்ரோ மில்லியாகிவிடும், ஆயிரம் மடங்கு தப்பு. மருந்துச் சீட்டில் இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல மருத்துவமனைகளில் மைக்ரோகிராமுக்கு அந்த எழுத்தைப் போடாதீர்கள் என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமான சறுக்கல் பரப்பளவில். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், ஆகவே ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் 10,000. கன மீட்டருக்குப் போனால் பத்து லட்சம் கன சென்டிமீட்டர். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் வரைந்து, அதற்குள் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் எத்தனை வரும் என்று ஒருமுறை யோசிக்க வைத்தால் போதும், பிள்ளைக்கு மறக்காது.

"எண்தானே முக்கியம்" என்று ஒரு தந்தை என்னிடம் சொன்னார். அவருக்கு அன்று நான் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். 1983 ஜூலையில், கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம், ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற 0.8 ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். பெருக்கலும் வகுத்தலும் சரியாகவே போட்டார்கள். ஆனால் விமானத்தில் மொத்தம் இருந்தது 22,300 பவுண்டு, தேவையில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர ஆரம்பித்தது, எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோய், விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்றில் இறக்கினார்கள். விமானியின் திறமையால் யாரும் சாகவில்லை. 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலம் ஒன்றுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. விசைக்கான எண்களை ஒரு குழு பவுண்டு கணக்கில் கொடுக்க, இன்னொரு குழு அவற்றை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. கலமே போயிற்று.

செய்முறை வகுப்பைப் பற்றியும் கேட்டீர்கள். சாதாரண அளவுகோலால் மில்லிமீட்டர்வரைதான் படிக்க முடியும். வெர்னியர் அளவியில் 0.1 மில்லிமீட்டர்வரை, திருகு அளவியில் 0.01 மில்லிமீட்டர்வரை. அளவுகோலால் அளந்துவிட்டு, கால்குலேட்டர் காட்டியது என்று 2.3466667 சென்டிமீட்டர் எழுதினால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதுதான் அது. சுழிப்பிழை, அதாவது எதையும் அளக்காதபோதே கருவி சுழியில் நிற்காமல் காட்டும் பிழையைப் பார்க்காமல் அளவெடுத்தாலும் மதிப்பெண் குறையும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இனி வருவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இயற்பியல் ஆசிரியை ஒருவரை நடைபாதையில் நிறுத்தி, மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், "உங்களுக்குப் பாடம் தெரியுமா" என்று கேட்டது எந்த வகையிலும் ஏற்க முடியாதது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஆசிரியர்களுக்கு விடைத்தாள் படங்களை அனுப்பிப் பதில் கேட்பதையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட்டலில் தவறு இருந்தால், திருத்தாமல் விட்ட விடை இருந்தால், ஒரு வாரத்துக்குள் வகுப்பாசிரியர் வழியாக எழுதித் தாருங்கள், கட்டாயம் சரிசெய்வோம். அலகுக்காகக் குறைத்த மதிப்பெண் திரும்ப வராது. யார் வந்து கேட்டாலும், என் சொந்தக்காரர்களே கேட்டாலும், பதில் இதுதான். "அலகெல்லாம் ஒரு விஷயமா" என்று வீட்டில் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே வகுப்பில் வந்து சொல்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சரி, கோபம் அவ்வளவுதான். தவறு எங்கள் பக்கமும் உண்டு. அலகுப் பாடத்தை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டோம் என்று ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எனவே அடுத்த பருவத்தின் முதல் இரண்டு வாரங்கள் ஏழு அடிப்படை அலகுகள், முன்னொட்டுகள், அளவுக் கருவிகள் இவற்றை மறுபடி நடத்தப்போகிறோம். கிலோகிராமின் கதையும் அதில் உண்டு. 1889 முதல் 2019 மே 20 வரை பாரிஸ் அருகே பூட்டிவைத்த ஓர் உலோக உருளைதான் கிலோகிராம். நூறாண்டில் அதற்கும் அதன் நகல்களுக்கும் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. இப்போது உருளைக்குப் பதில், இயற்கையில் எப்போதும் மாறாத அளவான பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். இரண்டு வாரம் முடிந்ததும் 30 நிமிடத் தேர்வு ஒன்று வரும். அதில் எடுக்கிற மதிப்பெண்ணை இந்தப் பருவக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். இழந்ததை மீட்க அது போதும்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கைப்பேசி சார்ஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பவர் பேங்கில் 10,000 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அது எத்தனை ஆம்பியர்-மணி என்று கேளுங்கள். வெறும் "பத்து" என்று பதில் வந்தால், "பத்து என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

பொறுமையாக வந்து கேட்டு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டும் போன பெற்றோர்தான் அதிகம். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கண்காட்சிக்கு மேசை தூக்கிவந்தவர்களுக்கும் அப்படியே.

கடைசியாக, போன மாதச் சுற்றறிக்கையில் "புத்தகப்பையின் எடை 5-க்கு மேல் போகக்கூடாது" என்று அச்சாகியிருந்தது. 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் 'அரை மதிப்பெண் குறைப்பு' என்று எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அது 5 கிலோகிராம். திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்